தாத்தாவோட ரெக்கார்டுக்கு சூட்கேஸ் பிளேயர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, எங்க ஊரு காவேரிப்பட்டணம். தாத்தா மைக் செட் வச்சிருந்தாரு, அவரோட ரெக்கார்டு ஒரு டிரங்குப் பெட்டி நெறைய பரண்ல கெடக்குது. ஆன்லைன்ல 6,000 ரூபாய்க்கு சூட்கேஸ் மாடல் பிளேயர் பாத்தேன், ஸ்பீக்கரும் அதுலயே இருக்குது. வாங்கலாமா? போன்ல கேக்கறத விட ரெக்கார்டுலதான் சவுண்டு நல்லா இருக்கும்னு ஃப்ரெண்டு சொல்றான், நெஜமா?

பதில்: தம்பி, அது மட்டும் வேண்டாம். அந்த மாடல்ல பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் (முள்ளு மாட்டிருக்கற தலைப்பகுதி) வரும், முள்ளு நல்லா வெயிட்டா ரெக்கார்டு மேல அழுத்தும், நல்ல பிளேயர்ல வர்ற மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ்னா சுமாரா 2 கிராம் வெயிட்டு போதும். ரெக்கார்டுல பாட்டு பதிஞ்சிருக்கற கோடு தேஞ்சா தேஞ்சதுதான்.

காசு போடறதுக்கு முன்னாடி பெட்டிய எறக்கி லேபிள்ல ஸ்பீடு பாரு. நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்கறதுதான் அது. 33, 45 இருந்தா பிரச்சனையில்ல. 78னா அது பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்குல செஞ்ச பழைய ரெக்கார்டு, கை தவறுனா ஒடஞ்சிரும், கோடும் அகலம், அதுக்கு முள்ளு தனி, புது பிளேயர் நெறையத்துல அந்த ஸ்பீடே கெடையாது. அழுக்கு தொடைக்கறேன்னு ஷெல்லாக் மேல ஸ்பிரிட், சானிடைசர் எதையும் ஊத்திராத, ரெக்கார்டே கரைஞ்சிரும். அப்புறம் டியூப்லைட் வெளிச்சத்துல சாச்சுப் புடிச்சுப் பாரு, கருப்பா பளபளன்னு இருந்தா சரி, கோடு வெளுத்து சாம்பல் கலர்ல இருந்தா நல்லா தேஞ்சிருக்குன்னு அர்த்தம். மைக் செட் ரெக்கார்டு இல்லையா, கல்யாணம் காதுகுத்து மாரியம்மன் பண்டிகைன்னு ஹிட் பாட்டயே திரும்பத் திரும்ப ஓட்டிருப்பாங்க, ஆனா அதே ரெக்கார்டோட இன்னொரு பக்கத்த யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, அத கண்டிப்பா பாரு.

சவுண்டு விஷயத்துல உன் ஃப்ரெண்டு சொல்றது பாதிதான் சரி. சுத்தம்னு பாத்தா டிஜிட்டல்தான், 1982ல வந்த சி.டி.லயே எரைச்சல் கம்மி, எல்.பி.ல (33 ஸ்பீடு பெரிய ரெக்கார்டு) உள்வட்டத்துக்கு வர வர சவுண்டு கொழையும். ஆனா நம்ம பழைய சினிமா பாட்டு பலதும் தேஞ்ச டேப்புல இருந்து டிஜிட்டலுக்கு ஏத்தி, எரைச்சல எடுக்கறேன்னு வயலின் சத்தத்தையும் சேத்து எடுத்து வச்சிருக்காங்க, கேக்கவே வயிறெரியுது. அந்த மாதிரி பாட்டுக்கு நல்ல கண்டிஷன்ல இருக்கற ரெக்கார்டுதான் ஜெயிக்கும். அதனால மொதல்ல உன் பெட்டில இருக்கற பாட்டயெல்லாம் போன்ல தேடிப் பாரு. எல்லாமே நல்லா கெடைக்குதுன்னா பிளேயருக்கு செலவு பண்ணாத, நல்ல ஹெட்போன் வாங்கு. கெடைக்காத பாட்டு இருந்தா, முள்ளு மாத்தற வசதி, வெயிட் அட்ஜஸ்ட் பண்ற வசதி, முள்ளுல இருந்து வர்ற சின்ன சிக்னல பெருசாக்கற போனோ பிரீஆம்ப் மூணும் இருக்கற டர்ன்டேபிளா பாத்து வாங்கி, அந்தப் பாட்ட கம்ப்யூட்டர்ல சவுண்டு கொறையாத ஃபிளாக் ஃபைலா ஏத்தி வச்சுக்கோ, எம்.பி.3 வேண்டாம். பெங்களூரு பக்கந்தானே, உன் ரெக்கார்டு ஒண்ண கையோட கொண்டு போய் கடையில போட்டுக் கேட்டுட்டு வாங்கு.

பரணுக்கு மேல கூரை ஷீட்டுனா உடனே எறக்கிரு, சூட்டுல ரெக்கார்டு வளைஞ்சிரும், படுக்க வச்சு அடுக்காம நிமித்தி வையி. பில் வாங்கு. பிளேயர் மக்கர் பண்ணி கடைக்காரர் கைய விரிச்சா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடு, அதுலயும் முடியலன்னா கிருஷ்ணகிரி நுகர்வோர் கோர்ட்டுலயே கேஸ் போடலாம், பொருளோட வெல 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கெடையாது.