முதல் டியூப் கிட்டார் ஆம்ப்: எந்த சர்க்யூட்டில் தொடங்கலாம்?

சில பெடல்கள் செய்த அனுபவம் உண்டு. முதல் டியூப் ஆம்ப்புக்கு எந்த டிசைனை எடுக்கலாம்?

ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் என்ற சிறிய ஆம்ப், அதிலும் 1950களின் ட்வீட் மாடலில் வந்த 5எஃப்1 சர்க்யூட். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3. மூன்றே வால்வு (டியூபுக்கு இன்னொரு பெயர்), ஒரே ஒரு வால்யூம், டோன் கன்ட்ரோல்கூடக் கிடையாது. ஜாக்கில் நுழையும் சிக்னல் 12ஏஎக்ஸ்7-இன் ஒரு பாதியில் பெருகி, வால்யூமைக் கடந்து, மறு பாதியில் இன்னொரு முறை பெருகி, 6வி6 வழியாக அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் போய்விடும். சத்தம் வரவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

பயாஸ் என்பது வால்வில் சும்மா இருக்கும்போது ஓடும் கரன்ட்டைத் தீர்மானிக்கும் வோல்டேஜ். இங்கே அதைக் கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே அமைத்துக்கொள்ளும் (கேத்தோட் பயாஸ்) என்பதால், திருகிச் சரிசெய்யும் வேலையும் இல்லை. ஆனால் அளந்து பாருங்கள். 6வி6-இன் கேத்தோடில் 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதன் குறுக்கே மீட்டர் 19 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் இருந்தால் 12 வாட். பழைய டேட்டாஷீட் 6வி6-க்கு அனுமதிக்கும் அளவே அதுதான். இந்த ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டால் பெரிய ஆம்ப்களைப் பார்த்துப் பயம் வராது.

டோன் கன்ட்ரோல் இல்லாமல் முடியாது என்றால் பிரின்ஸ்டன் 5எஃப்2-ஏ. கிட்டத்தட்ட இதே சர்க்யூட்தான்.

5எஃப்1 தருவது 5 வாட்தான், போதுமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

வீட்டுக்குத் தாராளம். 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் 10 டெசிபல்தான் கூடும், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) இதைவிட முக்கியம். 90 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 97 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால், அதே 5 வாட் 25 வாட் போல ஒலிக்கும். டிரம்ஸோடு க்ளீனாக வாசிக்க மட்டும் இது பற்றாது.

எனக்குப் பிடித்தது மார்ஷல் ஒலி. நேராக மார்ஷலின் ஜேடிஎம்45 ஆம்ப்பையே செய்தால் என்ன?

இரண்டாவது ஆம்ப்பாக, மூன்றாவது ஆம்ப்பாகச் செய்யுங்கள். அது ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ-வைப் பின்பற்றிப் பிறந்தது. புஷ்-புல் (பவர் வால்வுகள் மாறி மாறி வேலை செய்வது), அதற்காக சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர், தனி பயாஸ் சப்ளை, 400 வோல்ட்டைத் தாண்டும் ஹெச்டி (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்). முதல் முறையே இத்தனையும் சேர்ந்தால், எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். நடுவே ஒரு படி வேண்டுமென்றால் ட்வீட் டீலக்ஸ் 5இ3 நல்ல சர்க்யூட். இரண்டு 6வி6, கேத்தோட் பயாஸ்.

பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்தான் விலை அதிகம். அது இல்லாத பழைய சர்க்யூட் ஒன்று கிடைத்தது. செய்யலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்த வகை அமெரிக்க ஆம்ப்களில் மெயின்ஸ் (சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரம்) நேரடியாக சர்க்யூட்டுக்குள் வருகிறது. பிளக் மாறிச் செருகப்பட்டாலோ ஒரு கண்டென்சர் ஷார்ட் ஆனாலோ, கிட்டார் கம்பி வரைக்கும் மெயின்ஸ் வந்து நிற்கும். அங்கே 120 வோல்ட், நமக்கு 230.

அமெரிக்க ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்குவதிலும் இதே கவனம் வேண்டும். பிரைமரி (மின்சாரம் நுழையும் பக்கத்துச் சுற்று) 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றியது இங்கே சூடேறும். உள்ளூரில் சுற்றித் தரச் சொன்னால் இப்படி எழுதிக் கொடுங்கள்: 275-0-275 வோல்ட் 70 மில்லி ஆம்பியர், 6.3 வோல்ட் 2 ஆம்பியர், 5 வோல்ட் 2 ஆம்பியர். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் சிங்கிள் எண்டட் வகை (ஒரே பவர் வால்வுக்கானது), காற்று இடைவெளி விட்டதாக இருக்கட்டும். புஷ்-புல் ட்ரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் டிசி கரன்ட்டில் கோர் நிறைந்து பாஸ் ஒலி காணாமல் போகும். 5ஒய்3-க்குப் பதில் டயோடு போடும் யோசனையும் வேண்டாம், ஹெச்டி ஏறிவிடும்.

5எஃப்1 செய்து முடித்தேன். ஆன் செய்ததும் ஊளையிடுகிறது!

பெரும்பாலும் நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தை எதிர்த் திசையில் முன்னால் திருப்பி அனுப்புவது) தலைகீழாகப் போயிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து 22 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் வழியாக 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாம் பாதி கேத்தோடுக்கு வரும் ஒயரை ஒரு முனையில் கழற்றுங்கள். ஊளை நின்றால் அதுதான் காரணம். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டு, ரெசிஸ்டரைத் திரும்ப இணைக்கலாம்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டர் கண்டென்சரை அளந்து பாருங்கள். ஆஃப் செய்த பிறகும் 300 வோல்ட் தேங்கி நிற்கலாம். 220 கே, 2 வாட் ரெசிஸ்டரை அதன் குறுக்கே நிரந்தரமாகப் போட்டுவிட்டால் தானாக இறங்கும். அப்புறமும் மீட்டரில் பார்த்துவிட்டே தொடுங்கள். திரும்ப ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் ஒயரில் சீரிஸாகப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே ஆஃப் செய்யுங்கள்.