"பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னால்...

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு ஒன்றரை வருடமாக இமாட்டினிப் 400 மில்லிகிராம் சாப்பிடுகிறார். வெள்ளை அணுக்கள் சரியாகிவிட்டன. போன முறை டாக்டர், "0.3 இருக்கிறது, பார்ப்போம்" என்றார். கேட்க வேண்டியதெல்லாம் வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அடுத்த முறை என்ன கேட்பது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வெள்ளை அணுக்கள் சரியானது நல்ல செய்திதான். ஆனால் அது முதல் படி. மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே பலருக்கு இறங்கிவிடும். டாக்டர் சொன்ன 0.3 வேறு சோதனை. 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டியதால் உருவான பிசிஆர்-ஏபிஎல் என்ற கோளாறான மரபணு இரத்தத்தில் இன்னும் எத்தனை சதவீதம் என்பதே அது. 3 மாதத்தில் 10, 6 மாதத்தில் 1, 12 மாதத்தில் 0.1 அல்லது அதற்கும் கீழே வரவேண்டும். ஒன்றரை வருடத்தில் 0.3 என்பது மருந்து தோற்றதாக ஆகாது. 1-ஐத் தாண்டினால்தான் அப்படிக் கருதுவார்கள். ஆனாலும் அலட்சியமாக விடக்கூடாது.

முதலில் பழைய எண்களைத் தேதியோடு கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். 4, 1, 0.3 என்று இறங்கி வந்தால் மருந்து வேலை செய்கிறது, மெதுவாக. 0.05-இலிருந்து 0.3-க்கு ஏறியிருந்தால் காரணம் தேடியே ஆகவேண்டும். 0.2 போய் 0.3 வந்ததற்குத் தூக்கம் கெட வேண்டாம். சோதனையிலேயே அவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டு. முடிவு அனைத்துலக அளவுகோலில் உள்ளதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. மலாயில் கேட்பதானால், "கெப்புத்துசான் பிசிஆர்-ஏபிஎல் பெராப்பா பெராத்துஸ், டொக்டர்?" (பிசிஆர்-ஏபிஎல் முடிவு எத்தனை சதவீதம், டாக்டர்?) போதும். அடுத்த சோதனை எப்போது, எண் ஏறினால் மரபணு மாற்றச் சோதனை செய்வார்களா என்பதையும் விடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது, அம்மா டாக்டரிடம் சொல்ல வேண்டியது. வீட்டில் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். மாதத்தில் மூன்றுக்கு மேல் தவறினாலே 0.1-ஐ எட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. திட்டுவாரே என்று மறைத்தால், மருந்துதான் சரியில்லை என்று டாக்டர் நினைத்து நிலோட்டினிப்புக்கோ டாசட்டினிப்புக்கோ மாற்றக்கூடும். முன்னதில் இரத்தக்குழாய் அடைப்பு, பின்னதில் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்தல் என்று வேறு தொல்லைகள் உண்டு. குமட்டல், இராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு, கண் இமை வீக்கம் ஆகியவற்றால் மாத்திரையை விட்டிருந்தால் அதையும் சொல்லட்டும்; பெரும்பாலும் சமாளிக்க வழி இருக்கிறது. வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் புட்டியையே கையோடு கொண்டுபோங்கள். சில மருந்துகள் இமாட்டினிப்பின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் அதைக் கூட்டும். பம்ளிமாஸும் அதே இனம், தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: தைப்பூச விரதத்தில் ஒரு வேளைதான் சாப்பாடு. லுகேமியா மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: நிறுத்தாதீர்கள். இமாட்டினிப் தினம் ஒரு வேளை என்றால் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் தண்ணீரில் விழுங்கலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. நிலோட்டினிப் சாப்பிடுபவருக்கு முறை வேறு: நாளுக்கு இரண்டு முறை, வெறும் வயிற்றில், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, போட்ட பின் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. விரதம் தொடங்குமுன் நேரத்தை மருந்தாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.