பம்பர் புல் டிரெய்லருக்குக் கூஸ்நெக் கழுத்து பொருத்தலாமா?

கேள்வி: டெக்சாஸில் சிறிய பண்ணை வைத்திருக்கிறேன். என்னிடம் 20 அடித் தளமும், தலா 7,000 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்சில்களும் கொண்ட பம்பர் புல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின் பம்பர் அருகே மாட்டி இழுக்கும் டிரெய்லர், இருக்கிறது. டிராக்டர், வைக்கோல் உருளைகள் ஆகியவற்றை அதில் ஏற்றிச் செல்கிறேன். 60 மைல் வேகத்தைத் தாண்டினால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது. முன்பக்க நாக்கை (வண்டியோடு இணைக்க முன்னே நீண்டிருக்கும் பகுதியை) அறுத்து எடுத்துவிட்டுக் கூஸ்நெக் கழுத்தைப் பற்றவைத்துத் தருவதாக ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் டிரெய்லரின் சட்டம் 6 அங்குலச் சேனலால் (C வடிவ இரும்பால்) ஆனது என்பது தெளிவாகத் தெரிகிறது. கூஸ்நெக் கழுத்தைச் சுமக்கும் வலு அதற்கு இல்லை.

கூஸ்நெக்கின் மீது உங்களுக்கு வந்த ஆசை நியாயமானதே. பம்பர் புல் இணைப்பில், டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையான பால் (ball), பிக்கப்பின் பின் ஆக்சிலுக்கு நான்கைந்து அடி பின்னால் இருப்பதால், டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த நீளம் நெம்புகோலாகி வண்டியின் பின்புறத்தைத் திருப்புகிறது. கூஸ்நெக்கில், வாத்தின் கழுத்தைப் போல மேலெழுந்து வளைந்து செல்லும் பீம், பிக்கப்பின் பின்புறச் சரக்குத் தொட்டிக்குள் பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ சில அங்குலம் முன்னாலோ உள்ள பாலில் போய் அமர்வதால், அந்த நெம்புகோலே இல்லாமல் போகிறது. ஆனால் கழுத்தை மட்டும் மாற்றினால் அந்த நன்மை முழுமையாகக் கிடைத்துவிடாது; ஆக்சில்கள் இருக்கும் இடமும் சட்டத்தின் கனமும் அதற்கேற்ப அமைந்திருக்க வேண்டும்.

முதலில் ஆக்சிலின் இடத்தைப் பார்ப்போம். பம்பர் புல் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பாலின் மீது இறங்க வேண்டும். கூஸ்நெக்கில் 20 முதல் 25 சதவீதம் இறங்க வேண்டும். உங்கள் டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 14,000 பவுண்டு என்றும், அந்த எடை தளம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பால், தளத்தின் முன் விளிம்பிலிருந்து 4 அடி முன்னால் இருக்கிறது. இரண்டு ஆக்சில்களின் நடுப்புள்ளி அதே விளிம்பிலிருந்து ஏறத்தாழ 12 அடி பின்னால் இருக்கிறது. இந்த அமைப்பில் பாலின் மீது 12 சதவீதம், அதாவது சுமார் 1,680 பவுண்டு இறங்கும். இப்போது ஆக்சில்களைத் தொடாமல் 8 அடிக் கழுத்தை வைத்தால், பால் ஆக்சிலை விட்டு இன்னும் விலகிப் போவதால், அதன் மீது இறங்கும் பங்கு கூடுவதற்குப் பதிலாக ஏறத்தாழ 9.6 சதவீதமாகக் குறைந்துவிடும். டிராக்டரைப் பின்னால் தள்ளி நிறுத்தினால் அது இன்னும் குறையும். 20 சதவீதம் வேண்டுமென்றால் ஆக்சில்களை 2 அடி 7 அங்குலம் பின்னுக்கு நகர்த்தியாக வேண்டும். ஸ்பிரிங் ஹேங்கர்கள், மட்கார்டுகள், பிரேக் ஒயர்கள் எல்லாம் அவற்றோடு சேர்ந்து நகர வேண்டும். பட்டறைக்காரர் சொன்ன வேலையில் இதெல்லாம் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, ஆக்சில்களையும் நகர்த்திவிட்டதாகக் கொள்வோம். அப்போதுதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. பாலின் மீது 2,800 பவுண்டு இறங்குகிறது; அது தளத்தின் முன் விளிம்பிலிருந்து 8 அடி தள்ளி இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து சட்டத்தை வளைக்கும் விசை, தளத்துக்குள் 4 அடி தூரத்தில் உச்சத்தை அடைந்து 28,000 அடி-பவுண்டு ஆகிறது. இப்போதுள்ள அமைப்பில் சட்டத்தின் முன்பகுதியில் அந்த உச்சம் 8,700 மட்டுமே. அடிக்கு 8.2 பவுண்டு எடையுள்ள 6 அங்குலச் சேனல்கள் இரண்டும் சேர்ந்து இதைத் தாங்கும்போது, இன்று அந்த முன்பகுதியில் ஏற்படும் தகைவு, அதாவது இரும்பின் மீது விழும் விசை, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 12,000 பவுண்டு. மாற்றியமைத்த பிறகு அது 38,000 பவுண்டைத் தாண்டுகிறது. சாதாரணக் கட்டுமான இரும்பான ஏ36, சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டிலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். இது வண்டி அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விசை இதைவிட அதிகம். அடிக்கு 14 பவுண்டு எடையுள்ள 12 அங்குல ஐ-பீம் இரண்டைக் கழுத்திலிருந்து தளத்தின் அடிவரை தொடர்ச்சியாக ஓடவிட்டிருந்தால், தகைவு மீண்டும் 11,300 பவுண்டுக்கு இறங்கிவிடும். கூஸ்நெக்காகவே தயாரிக்கப்படும் டிரெய்லர்களின் அடியில் அத்தகைய பீம்களைப் பார்ப்பது இதனால்தான்.

இவ்வாறு மாற்றிய ஒரு டிரெய்லரை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கழுத்தின் கால்கள் முன் குறுக்குச் சேனலோடு சேரும் இடத்தில், வெல்டிங்கின் விளிம்பை ஒட்டிப் பெயின்ட் தலைமயிர் அளவுக்கு வெடித்து, அதிலிருந்து துருநீர் ஒரு பழுப்புக் கோடாக வழிந்திருந்தது. துடைத்துப் பார்த்தபோது விரிசல் வெல்டிங்கில் இல்லை. அதை ஒட்டியிருந்த இரும்பில் இருந்தது. பற்றவைத்தவர் நேர்த்தியாகத்தான் வேலை செய்திருந்தார். கழுத்தின் விசையைச் சட்டத்தின் நீளத்துக்குப் பரப்பாமல் ஒரே குறுக்குச் சேனலில் இறக்கியதுதான் பிழை.

பிக்கப்பையும் மறந்துவிடக் கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். 2,800 பவுண்டோடு உங்கள் எடையும் தொட்டியில் பொருத்தும் ஹிட்ச்சின் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். கழுத்து மாறியதால் டிரெய்லரின் சுமைத்திறன் கூடிவிடாது. ஆக்சில்களும் டயர்களும் தாங்குவது அதே 14,000 பவுண்டுக்குள்தான்.

மாற்றம் செய்வதற்கு ஏற்ற டிரெய்லர்களும் உண்டு. சக்கரங்களுக்கு மேலே தளம் அமைந்து, 10 அல்லது 12 அங்குல ஐ-பீம் சட்டத்தோடு பாலுக்குப் பதிலாகப் பின்டில் என்ற கனமான கொக்கியில் இழுக்கப்படும் கனரக டிரெய்லர்களைப் பல நிறுவனங்கள் கூஸ்நெக் வடிவிலும் விற்கின்றன. அத்தகைய ஒன்று உங்களிடம் இருந்திருந்தால், தயாரிப்பாளரிடம் கழுத்தின் வரைபடத்தையும் ஆக்சில் இருக்க வேண்டிய இடத்தையும் கேட்டு வாங்கிச் செய்யலாம் என்றே சொல்லியிருப்பேன். கூஸ்நெக்தான் வேண்டும் என்றால், இந்த டிரெய்லரை விற்றுவிட்டுப் பழைய கூஸ்நெக் ஒன்றை வாங்குங்கள்.

அதற்கு முன், ஆட்டத்துக்கான காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது பாலின் மீது எடை போதாமையால் வருவது. டிரக் ஸ்டாப்பில் உள்ள எடை மேடையில் முதலில் பிக்கப்பை மட்டும் நிறுத்தி எடை பாருங்கள். பிறகு சுமையேற்றிய டிரெய்லரை இணைத்து, அதன் சக்கரங்கள் தனித் தட்டில் நிற்கும்படி மீண்டும் எடை பாருங்கள். பிக்கப்பின் இரண்டு ஆக்சில்களிலும் கூடியிருக்கும் எடைதான் பாலின் மீது இறங்கும் எடை. அது மொத்த டிரெய்லர் எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், டிராக்டரை முன்னால் நகர்த்துங்கள். 4,000 பவுண்டு டிராக்டரை ஒரு அடி நகர்த்தினால் பாலின் மீது 250 பவுண்டு கூடும். 12, 13 சதவீதம் வரும் இடத்தைக் கண்டதும், அந்த எடையை பிக்கப்பின் பின்னால் பாலைப் பொருத்தும் ரிசீவர் தாங்குமா என்பதை அதில் ஒட்டியுள்ள தகட்டில் சரிபார்த்துக்கொண்டு, டிராக்டரின் முன் டயர் நிற்கும் இடத்தில் தளத்தின் பலகையில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வைக்கோல் உருளைகளையும் முன்பக்கத்திலிருந்தே அடுக்கிக்கொண்டு வாருங்கள். கடைசி வரிசையில் இடம் காலியாக இருந்தால் அது பின் விளிம்பிலேயே இருக்கட்டும்.