மூன்று ரோம நாடகங்கள், ஒரே தொடர்: கோரியலானஸை எடுத்துவிடுங்கள்

ஷேக்ஸ்பியரின் மூன்று ரோம நாடகங்களை (கோரியலானஸ், ஜூலியஸ் சீசர், ஆன்டனியும் கிளியோபாட்ராவும்) ஒன்பது வாரத் தொடராக எழுதும்போது முதல் மூன்று வாரம் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கோரியலானஸ்தான் சிக்கல். 1963இல் பிபிசி இதே மூன்றையும் 'தி ஸ்ப்ரெட் ஆஃப் தி ஈகிள்' என்று ஒன்பது பகுதிகளாக எடுத்தது. அதிலும் இதே பள்ளம் உண்டு: கோரியலானஸ் கதைக்கும் சீசர் கொலைக்கும் நடுவே 400 ஆண்டுகளுக்கு மேல். ஒரு முகம்கூடத் தொடராது.

சீசரிலேயே தொடங்குங்கள். ஆன்டனி, ஆக்டேவியஸ், லெப்பிடஸ் மூவரும் அடுத்த நாடகத்துக்கும் வருகிறார்கள். அப்புறம், கொலை நடக்கும் வாரத்தைக் கொலையோடு முடிக்கக் கை பரபரக்கும், வேண்டாம். சீசரின் பிணத்தருகே ஆன்டனி பேசும் பேச்சையும் தாண்டிப் போங்கள். கொலைகாரர்களில் ஒருவனோடு பெயர் ஒன்றாக இருந்த பாவத்துக்காகக் கவிஞன் சின்னாவைக் கூட்டம் இழுத்துப்போகும் சின்னக் காட்சி வரும், அங்கே நிறுத்துங்கள். அடுத்த வாரம் ஆன்டனி, ஆக்டேவியஸ், லெப்பிடஸ் மூவரும் உட்கார்ந்து, சாக வேண்டியவர்களின் பெயர்களுக்குக் குறி வைப்பதில் ஆரம்பிக்கட்டும். லெப்பிடஸ் தன் சகோதரனையே விட்டுக்கொடுக்கும் இடம் அது, அவசரப்படுத்தாதீர்கள்.

கிளியோபாட்ரா பகுதிக்குப் பயப்பட வேண்டாம். 40க்கு மேற்பட்ட குட்டிக் காட்சிகள், ரோமும் அலெக்சாண்டிரியாவும் மாறிமாறி வரும். மேடைக்குத்தான் அது பாடு, உங்களுக்கு வரம்.