மாற்றுத்திறனாளி அப்பாவின் சலுகைக் காரை மகன் ஓட்டலாமா?

கேள்வி: போலியோவால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்ட என் அப்பா, 2023-ல் ஜி.எஸ்.டி. சலுகையிலும் சாலை வரி விலக்கிலும் கார் வாங்கினார். ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டையும் கையால் இயக்கும்படி மாற்றியிருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் கார் வீட்டில் சும்மா நிற்கிறது. அந்த நாட்களில் நான் அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாமா? விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: முதலில் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) வாகன வகை என்னவென்று பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. வகை 'மோட்டார் கார்' என்றும், உரிமையாளர் வகை மட்டும் 'திவ்யாங்ஜன்' (மாற்றுத்திறனாளி) என்றும் இருந்தால், அது சாதாரண கார்தான். எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். 'அடாப்டட் வெஹிக்கிள்' (மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வாகனம்) என்றோ, பழைய பெயரான 'இன்வேலிட் கேரேஜ்' என்றோ இருந்தால் கதையே வேறு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ம் ஆண்டுத் திருத்தம் அடாப்டட் வெஹிக்கிளை வரையறுக்கும்போது, உடல் குறைபாடு உள்ளவரே ஓட்டுவது அல்லது அவருக்காக மட்டுமே ஓடுவது என்கிறது. அந்த 'மட்டுமே' என்ற சொல்லில்தான் உங்கள் அலுவலகப் பயணம் அடிபட்டுப் போகிறது. அதற்காக அப்பா எப்போதும் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். அவரை மருத்துவமனையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்புவது, அவருக்கு மருந்து வாங்கப் போவது, காரை சர்வீஸுக்கு விடுவது எல்லாம் அவருக்கான பயணங்களே. மருத்துவச் சீட்டு, மருந்து பில் போன்றவற்றைக் காரிலேயே வைத்திருங்கள். வழியில் நிறுத்திக் கேட்டால் விளக்கம் சொல்ல உதவும்.

பலரும் கவனிக்காத இடம் லைசென்ஸ். சட்டத்தின் 10-வது பிரிவில் அடாப்டட் வெஹிக்கிள் தனி வகை, எல்.எம்.வி. தனி வகை. ஆர்.சி.யில் அடாப்டட் வெஹிக்கிள் என்று இருந்து, உங்களிடம் எல்.எம்.வி. மட்டும் இருந்தால், அப்பாவுக்காகவே ஓட்டினாலும் சிக்கல் வரலாம். லைசென்ஸ் செல்லாது என்று முடிவானால், ஓட்டிய உங்களுக்கு 181-வது பிரிவில் 5,000 ரூபாய் அபராதம். ஓட்டக் கொடுத்த அப்பா மீதும் 180-வது பிரிவு பாயும். இரண்டு பிரிவிலும் அபராதத்தோடு சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. உங்கள் லைசென்ஸோடு இந்த வண்டியை ஓட்டலாமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொன்னது விபத்துக்குப் பிறகு உதவாது.

ஆர்.சி.யில் சாதாரண கார் என்று இருந்தாலும், சாலை வரி விலக்கு உத்தரவின் நகலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வரி மாநில அரசின் கையில் இருப்பதால், நிபந்தனையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாற்றுத்திறனாளியின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அதில் இருந்தால், தினசரி அலுவலகப் பயணம் அந்த விலக்குக்கே ஆபத்து.

ஜி.எஸ்.டி. சலுகையைப் பொறுத்தவரை கவலை குறைவு. 5 ஆண்டுகளுக்குக் காரை விற்கவோ கைமாற்றவோ மாட்டேன் என்றுதான் அப்பா பிரமாணப் பத்திரம் கொடுத்திருப்பார். யார் ஓட்டுவது என்பது அதில் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு எல்லோருக்குமே, சலுகையில் இருந்த அதே 18 சதவீதம்தான் வரி. அதனால் அவர் கொடுத்த உறுதி கரைந்துவிட்டது என்று நினைத்து, 2028-ல் அந்த 5 ஆண்டு முழுதாக முடிவதற்கு முன் காரை உங்கள் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள்.

இன்ஷூரன்ஸில் மூன்று விஷயம். காரில் செய்த மாற்றம் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப் பதிவானால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி கேட்டு வாங்கலாம். அடுத்தது, ஓட்டுபவரின் லைசென்ஸ் அந்த வகைக்குச் செல்லாவிட்டால் காரின் சேதத்துக்கான கிளைமை நிறுவனம் மறுக்கலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கொடுத்த இழப்பீட்டை அப்பாவிடமிருந்து வசூலிக்கவும் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். மூன்றாவது, பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளர் ஓட்டுநருக்கு மட்டுமே. நீங்கள் ஓட்டி அடிபட்டால் அது உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் பெயரில் தனி விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்வது நல்லது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது பெடல்தான். கைப்பிடியின் கம்பிகள் பெடல்களோடு இணைந்திருப்பதால், காலால் பிரேக் மிதிக்கும்போது கைப்பிடியும் சேர்ந்து நகரும். முழங்கால் இடிக்கிறதா, பெடல் கடைசிவரை இறங்குகிறதா என்று வண்டி நிற்கும்போதே மிதித்துப் பாருங்கள். பையையோ குடையையோ கைப்பிடியில் மாட்டாதீர்கள். அந்த எடையே அதை அசைத்துவிடும். இடது கால் ஆக்சிலரேட்டர் பொருத்திய கார் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால், அவசரத்தில் அந்தப் பெடலைத்தான் அழுத்தும். அதை மடக்கவோ கழற்றவோ வழி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். வழி இல்லையென்றால் அந்தக் காரை நீங்கள் ஓட்டவே வேண்டாம்.

காரைத் திரும்ப நிறுத்தும்போது சீட்டையும் கண்ணாடிகளையும் அப்பாவுக்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவை முழுதாகத் திறந்து சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்தும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்துங்கள்.