மரம் நடுவதோடு நின்றுவிடாதீர்கள்: வாழிட மீட்புத் தன்னார்வப் பணி பற்றிய கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவர்: லீவு நாள்ல மரக்கன்று நடப் போறேன். என்ன படிக்கணும்னு இதை வச்சு முடிவு பண்ணலாமா?

நடுவதை மட்டும் வைத்து முடியாது, தம்பி. வாழிட மீட்பு என்றால் சிதைந்த இயற்கை நிலத்தைச் செடிகொடிகளும் உயிரினங்களும் மறுபடி வாழும் இடமாக மாற்றுவது, நடுவது அதில் ஒரு பகுதிதான். களை அகற்றல், நாற்றங்கால், கண்காணிப்பு மூன்றிலும் கை வைத்துப் பாருங்கள். விதை முளைக்காததன் காரணம் உறுத்தினால் தாவரவியல் அல்லது வனவியல். தண்ணீர் ஏன் ஓரிடத்தில் மட்டும் தேங்குகிறது என்று மனம் ஓடினால் மண்ணியல், நீரியல்.

விலங்கியல் மாணவி: உண்ணிச்செடியை (லான்டானா என்கிற அயல்நாட்டுக் களைப் புதர்) வெட்ட வெட்டத் துளிர்க்குது. வெட்டி வேலையா?

தரைக்கு மேலே வெட்டினால் துளிர்க்கத்தான் செய்யும். தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் துளிர்விடும் மொட்டுகள் இருக்கின்றன. அதற்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். தண்டு ஈரமண்ணில் பட்டால் மறுபடி வேர்விடும். காய் பழுக்குமுன் முடிப்பது முக்கியம், பறவைகள் விதையைப் பரப்பிவிடும். "ஏன் துளிர்க்குது?" என்று தோன்றியதல்லவா, அதை விடாதீர்கள். அயல் தாவரப் பரவலை ஆராய்வது தனித் துறையே.

முதுகலைக்கு விண்ணப்பிப்பவர்: சான்றிதழ் நிறைய இருக்கு. நேர்காணல்ல யாரும் கண்டுக்கலையே?

நீங்கள் வந்துபோனதை மட்டும்தான் அது சொல்கிறது. 100 கன்றுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து எண்ணிடுங்கள். எண் தகட்டைப் பக்கத்துக் குச்சியில் கட்டுங்கள். தண்டில் கட்டினால் பருக்கும்போது கம்பி இறுக்கிவிடும். நட்டவுடன், 6 மாதத்தில், 12 மாதத்தில் உயரத்தையும் தண்டின் அடிவிட்டத்தையும் அளந்து எழுதுங்கள்.

இறப்புக் காரணத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும்: மேய்ச்சல், வறட்சி, நீர்த்தேக்கம், காரணம் தெரியவில்லை. காணாமல் போன கன்றுகளைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள், நீக்கினால் பிழைப்பு விகிதம் பொய்யாக உயரும். பலரும் சறுக்குவது இங்கேதான். செத்த கன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நாற்று வளர்த்த பையின் வடிவத்திலேயே சுருண்டிருந்தால் கோளாறு நாற்றங்காலில். பையிலேயே அதிக நாள் இருந்திருக்கிறது. இப்படியொரு அட்டவணையும் அரைப்பக்க விளக்கமும் கையில் இருந்தால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

ஒரு தாய்: மகன் இதையே தொழிலா எடுக்கணும்ங்கிறான். சம்பளம் கிடைக்குமா சார்?

கிடைக்கும், அம்மா. நாற்றங்கால் மேலாண்மை, சுரங்க நில மீட்பு, சூழல் தாக்க மதிப்பீடு (ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று ஆராய்வது), வனத்துறைப் பணிகள் எல்லாம் உண்டு. ஐ.நா. 2021–2030-ஐச் சூழலமைப்பு மீட்புப் பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. ஆனால் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான். திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். கூடவே புள்ளியியலோ வரைபட மென்பொருளோ கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர்: வெயிலும் சேறும் ஒத்துக்கல. துறையை விட்டுடணுமா?

வேண்டாம். விதை ஆய்வகமும் வரைபட வேலையும் நிழலில்தான் நடக்கின்றன. க்யூஜிஐஎஸ் (QGIS) இலவச வரைபட மென்பொருள். உங்கள் குழுவின் கன்றுகளையே அதில் குறித்துப் பழகுங்கள். ஒரு எச்சரிக்கை: திறந்தவெளியிலேயே கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் விலகும். 2 மீட்டர் இடைவெளியில் நட்ட கன்றுகளைப் புள்ளியை நம்பிப் பிரிக்க முடியாது, தகட்டு எண்ணையும் சேர்த்தே பதியுங்கள்.