அவள் கேட்ட கேள்வியைக் கேளுங்கள், அம்மா

மகள் மருத்துவம் வேண்டாம், நுண்ணுயிரியல்தான் படிப்பேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அழுதீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் கடன் வாங்கி மருத்துவ இடம் பிடிக்கும் யோசனையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடனைக் கட்டப்போவது நீங்கள், படிக்கப்போவது அவள். உங்களோடு வந்த அவள் பெரியப்பா இரண்டையும் செய்யப்போவதில்லை.

அன்று அவள் என்னிடம் கேட்டாள்: "ஒரே டிஎன்ஏ இருந்தும் ஒரு கிருமி கடுமையாகவும் இன்னொன்று சாதுவாகவும் இருப்பது ஏன்?" இந்தக் கேள்விக்கென்றே எபிஜெனெடிக்ஸ் என்றொரு துறை இருக்கிறது: டிஎன்ஏவின் எழுத்து மாறாமலே மரபணுவின் இயக்கம் எப்படி மாறுகிறது என்று ஆராய்வது. யாரும் அதைச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

சால்மொனெல்லா, ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களில் டாம் என்றொரு நொதி உண்டு. டிஎன்ஏவில் ஜி, ஏ, டி, சி என்ற எழுத்து வரிசை வரும் இடங்களில், 'ஏ'யின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறியை வைக்கும். எழுத்து மாறாது, குறி மட்டும் ஏறும். டிஎன்ஏ நகலானதும் புதிய இழையில் சிறிது நேரம் குறி இருக்காது. எது பழையது, எது புதியது என்று பிழை திருத்தும் புரதங்கள் அதை வைத்தே அறிகின்றன. எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதிலும் இந்தக் குறிக்குப் பங்குண்டு.

1999இல் டாம் நொதியை நீக்கிய சால்மொனெல்லாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வரவில்லை. அந்த எலிகள், பின்னர் கொடுத்த வீரியமுள்ள கிருமியையும் தாங்கிக்கொண்டன! டாம் இல்லாத ஈ. கோலையோ பெனிசிலின் வகை மருந்துகளுக்கும் எளிதில் மடிகிறது. குறி இல்லாமல் தடுமாறும் பிழைதிருத்தம் டிஎன்ஏவையே வெட்டிவிடுகிறது. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவில், இதேபோல் மெத்தில் குறி வைக்கும் ஒரு நொதி ஆறு வடிவங்களுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். வடிவம் மாறினால் குறி விழும் இடங்கள் மாறும், கிருமியின் வீரியமும் மாறுகிறது. மகள் கேட்ட கேள்விக்கு இதுவே ஒரு பதில்.

கிருமியைக் கொல்லாமல் இப்படிப்பட்ட நொதியை முடக்கி, இருக்கும் மருந்துகளுக்கு வலு சேர்க்கலாமே என்று ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். அப்படியொரு மருந்து இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை. வேலை நிறையக் கிடக்கிறது என்று அர்த்தம்.

சரி, கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இளங்கலை மட்டும் போதாது. முதுகலை, முனைவர் பட்டம் என்று வருடங்கள் ஓடும், தொடக்கச் சம்பளம் குறைவு. அதனால்தான் செலவில் கறாராக இருக்கச் சொல்கிறேன்: இளங்கலைக்குக் கடன் வேண்டாம், உதவித்தொகை இல்லாத முனைவர் படிப்பில் சேரவே வேண்டாம். அப்புறம், டிஎன்ஏவின் எழுத்துகளோடு மெத்தில் குறிகளையும் நேரடியாகப் படிக்கும் வரிசையாக்கக் கருவிகள் வந்துவிட்டன. அந்தத் தரவை அலச நிரலாக்கமும் புள்ளியியலும் முதல் வருடத்திலிருந்தே பழக வேண்டும். கல்லூரியில் மாணவர்கள் இதைத் தாங்களே செய்கிறார்களா, வேடிக்கை மட்டும் பார்க்கிறார்களா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

அடுத்த முறை அவளை மட்டும் அனுப்புங்கள். பெரியப்பா வர வேண்டாம்.